முன்னாள் என்கிற சொல்

1

சட்டம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லும்போது அகராதிக்காரன் வேலையைச் செய்வதில்லை. அகராதிக்காரன் ஜனங்கள் ஒரு சொல்லை எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்த்து எழுதிவைக்கிறான். சட்டமோ தான் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்கிறது. பிறகு அந்தத் தீர்மானத்தின் அளவுக்குச் சொல்லை வெட்டுகிறது. ‘முன்னாள் படைவீரர்’ என்கிற சொல் இப்படி வெட்டப்பட்ட ஒன்று. வெட்டியதில் என்ன நியாயம், வெட்டுப்பட்டது சொல் மட்டும்தானா என்பவை நமக்குச் சம்பந்தமில்லாத கேள்விகள் என்று நான் நினைக்கவில்லை. சொல்லோடு தொழில் செய்கிறவர்கள் நாம்.

தமிழில் ‘முன்னாள்’ என்கிற அடைமொழிக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நாள் மந்திரியாக இருந்தவர்கூட ஆயுள் முழுவதும் முன்னாள் மந்திரிதான். முன்னாள் ஜமீன்தார், முன்னாள் நடிகை, முன்னாள் தலைமையாசிரியர் எல்லோரும் அப்படியே. ஒருவர் இருந்தார், இப்போது இல்லை என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் கேட்பதில்லை. படைவீரர் விஷயத்தில் மட்டும் இலக்கணம் ஒதுங்கிக்கொள்ள, விதிப் புத்தகம் முன்னால் வருகிறது.

நான் ஒரு அரசுடைமை வங்கியில் கிளார்க். பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் வேலைகளில் 14.5 சதவீதமும், கடைநிலை வேலைகளில் 24.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு. (இரண்டிலும் 4.5 சதவீதம் ஊனமுற்று வந்தவர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும்.) ஆகையால் இந்தச் சொல்லின் எல்லை எங்கள் ஆபீஸில் தத்துவப் பிரச்னை அல்ல, தினசரி நடைமுறை. என் பக்கத்து மேஜைக்காரர் பதினைந்து வருஷ சர்வீஸ் முடித்து, பென்ஷனோடு வந்து, இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர். அவர் ஊர்க்காரர் ஒருவர் அதே வருஷம் அதே ரெஜிமென்ட்டில் சேர்ந்து, தகப்பனார் படுத்துவிட்டதால் எட்டாவது வருஷம் தானே எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். நகைக்கடனுக்கு வட்டி கட்ட வரும்போதெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் “என்னய்யா பட்டாளம்” என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். பனியில் நின்ற இடம்கூட இருவருக்கும் ஒன்று. சட்டத்தின் கணக்கில் முதலாமவர் மட்டுமே பட்டாளம்.

2

விதியைப் பார்க்கலாம். மத்திய அரசின் சிவில் வேலைகளில் முன்னாள் படைவீரர்களை மறுபடி அமர்த்துவதற்கான விதிகள் 1979-இல் வந்தன. அந்த விதிகளின்படி, உறுதிமொழி எடுத்த பிறகு ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்து, தானாக விலகாமலும், ஒழுங்கீனத்துக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ வெளியேற்றப்படாமலும் விடுவிக்கப்பட்டவர் முன்னாள் படைவீரர். தானே கேட்டு வெளியே வந்தவரென்றால் ஐந்து வருஷமாவது இருந்திருக்க வேண்டும். 1987 ஜூலை 1 முதல் இது மாறிற்று. அதற்குப் பிறகு வெளியே வந்தவர் பென்ஷனோடு வந்திருக்க வேண்டும். அல்லது ஒப்பந்த காலத்தை முடித்து, தன் விருப்பத்தால் அல்லாமல், பணிக்கொடையோடு விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும். சாதாரண சிப்பாய்க்குப் பென்ஷன் என்றால் பதினைந்து வருஷம்.

ஆக, எட்டு வருஷம் இருந்துவிட்டு 1987 ஜூன் 30-ஆம் தேதி தானாக விலகியவர் முன்னாள் படைவீரர். மறுநாள் விலகியவர் இல்லை. அந்த ஓர் இரவில் எட்டு வருஷ அனுபவத்துக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை.

2012-இல் திருத்தப்பட்ட விதிகள் இன்னும் நுணுக்கமானவை. படையின் தபால் பிரிவுக்கு 1987 ஏப்ரல் 14-க்கு முன் ஆறு மாதத்துக்கு மேல் அயல்பணியாகப் போய்வந்த தபால் இலாகாக்காரர் முன்னாள் படைவீரர்களில் சேர்த்தி. பயிற்சிக் காலத்திலேயே உடல்நலம் கெட்டு ஊனப் பென்ஷனோடு அனுப்பப்பட்டவரும் சேர்த்தி. போர்முனைக்குப் போனவர், சமையல் செய்தவர் என்ற பேதம் கிடையாது. ‘போரிடுபவராயினும் அல்லாதவராயினும்’ என்று விதி வெளிப்படையாகவே சொல்கிறது. இதை நான் குறை சொல்லவில்லை. தபால் கொண்டுவந்தவனும் சோறு பொங்கியவனும் படையில் இல்லை என்று சொல்கிறவனுக்குப் படையும் தெரியாது, பசியும் தெரியாது.

என் கவனத்துக்கு வருவது வேறு. இந்த விதிகளைத் திரும்பத் திரும்பப் படித்தால், இவற்றில் எங்கும் ‘என்ன செய்தாய்?’ என்ற கேள்வி அநேகமாக இல்லை என்பது தெரியும். வீரப் பதக்கம் பெற்றவர்களுக்கான ஒரு ஷரத்து மட்டும் விதிவிலக்கு. மற்றபடி கேட்கப்படுவதெல்லாம் ‘எப்படி வெளியே வந்தாய்? கையில் என்ன கொடுத்து அனுப்பினார்கள்?’ என்பதுதான். ஒரு மனிதனின் பதினைந்து வருஷத்தையோ எட்டு வருஷத்தையோ அதன் கடைசி நாளைக் கொண்டு படிக்கிறது சட்டம். நாவலைக் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு விமர்சனம் எழுதுகிறவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆனால் அவர்கள் எழுதுவதால் யாருக்கும் பென்ஷன் நிற்பதில்லை.

அமெரிக்கச் சட்டமும் இதே வழிதான் போகிறது. தரை, கடல், வான் படைகளில் (இப்போது விண்வெளியும் சேர்ந்திருக்கிறது) முழுநேரச் சேவையில் இருந்து, அவமரியாதைக்குரியதல்லாத நிபந்தனைகளில் விடுவிக்கப்பட்டவர் என்பது அங்கே இலக்கணம். ‘அவமரியாதைக்குரியதல்லாத’ என்கிற இந்த இரட்டை எதிர்மறையில் ஒரு காலத்தில் எத்தனையோ பேர் விழுந்திருக்கிறார்கள். 1947 வரை அங்கே நீலக் காகிதத்தில் ஒரு விடுவிப்புச் சான்றிதழ் இருந்தது. கௌரவமானது என்றும் சொல்லாது, அவமானமானது என்றும் சொல்லாது. கறுப்பினச் சிப்பாய்களுக்கும் ஓரினச்சேர்க்கையாளர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கும் அது தாராளமாக வழங்கப்பட்டது. சட்டத்தின் எழுத்துப்படி அவர்களுக்குச் சலுகைகள் உண்டு; நடைமுறையில் அந்தக் காகிதத்தின் நிறமே அவற்றை மறுக்கப் போதுமானதாயிருந்தது.

3

எல்லைச் சாலை அமைப்பு 1960-இல் ஏற்பட்டது. லடாக்கிலும் வடகிழக்கிலும் பதினைந்தாயிரம் அடிக்கு மேலே பாறையை உடைத்துப் பாதை போடுகிறவர்களின் படைக்கு ஜெனரல் ரிசர்வ் என்ஜினியர் ஃபோர்ஸ் என்று பெயர். சீருடை உண்டு, வரிசை உண்டு, சல்யூட் உண்டு. இவர்களில் சிலர் சங்கம் வைத்துக் கோரிக்கை எழுப்பியபோது கோர்ட் மார்ஷல் நடந்தது. நாங்கள் சிவில் ஊழியர்கள், எங்களுக்குச் சங்கம் வைக்கும் அடிப்படை உரிமை உண்டு என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆர். விஸ்வன் எதிர் இந்திய அரசு என்ற அந்த வழக்கில் 1983-இல் தீர்ப்பு வந்தது: இந்தப் படை ஆயுதப் படைகளின் பிரிக்க முடியாத அங்கம், ஆகவே அரசியல் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்கீழ் இவர்களுடைய அடிப்படை உரிமைகளைக் குறைக்கலாம்.

தீர்ப்பின் தர்க்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. எல்லையில் கட்டுப்பாடு தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1979 விதிகளுக்குத் திரும்புங்கள். முன்னாள் படைவீரர் யார் என்று சொன்ன கையோடு, யாரெல்லாம் இல்லை என்றும் அவை பெயர் சொல்லிப் பட்டியலிட்டன. அஸ்ஸாம் ரைஃபிள்ஸ், பாதுகாப்புப் பாதுகாவல் படை, லோக் சகாயக் சேனை, பிராந்திய சேனை, இவற்றோடு ஜெனரல் ரிசர்வ் என்ஜினியர் ஃபோர்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிராந்திய சேனைக்குப் பிற்பாடு வழி பிறந்தது. சாலை போட்டவர்களுக்கு இன்றைய விதியிலும் இடமில்லை. ‘முறையான’ தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று அது எல்லை போட்டுவிட்டது.

உரிமையை எடுத்துக்கொள்ளும்போது இவர்கள் படை. கைம்மாறு செய்யும்போது இவர்கள் படை இல்லை. ஒரே அரசு, ஒரே ஆட்கள். சொல்லின் அர்த்தம் வாக்கியத்தில் அது இருக்கும் இடத்தைப் பொறுத்தது என்று மொழியியல் சொல்கிறது. இங்கே அர்த்தம் பணம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது.

மத்திய ஆயுதக் காவல் படைகளின் கதையும் இதை ஒட்டியதே. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் நாற்பது சி.ஆர்.பி.எஃப். காவலர்கள் இறந்தபோது தேசம் முழுவதும் அவர்களைப் படைவீரர்கள் என்றே சொல்லி அழுதது. அழுகைக்குச் சட்ட இலக்கணம் தெரியாது. அவர்களோடு அதே வண்டித் தொடரில் வந்து உயிரோடு ஓய்வு பெறுகிறவருக்கு முன்னாள் படைவீரர் என்ற பெயர் இல்லை.

4

இந்திய தேசிய ராணுவத்தின் விஷயம் நமக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. 1943-க்குப் பிறகு மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஜான்சி ராணி ரெஜிமென்ட்டின் பெண்கள் பலரும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள். 1945 நவம்பரில் செங்கோட்டையில் மூன்று அதிகாரிகள் மேல் விசாரணை தொடங்கியது. நாடுகடத்தல், பதவி பறிப்பு, சம்பள பாக்கி பறிமுதல் என்று தண்டனை. தேசம் கொதித்ததைப் பார்த்துத் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் நாடுகடத்தலை நீக்கினார். மற்ற இரண்டையும் நீக்கவில்லை. தேசம் சுதந்திரமடைந்த பிறகும் இந்த ராணுவத்தார் பழைய வரிசைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளப்படவில்லை. படையின் கட்டுப்பாடு குலையும் என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தில் பொய் இல்லை. உறுதிமொழியை முறித்தவனுக்கு மரியாதை செய்தால், முறிக்காதவனுக்கு என்ன சொல்வது?

ஆனால் தோட்டத்திலிருந்து நேரே போனவன் எந்த உறுதிமொழியையும் முறிக்கவில்லை. அவன் எடுத்த முதல் உறுதிமொழியே இதுதான். 1979 விதியில் ‘முன்னாள் இந்திய சமஸ்தானங்களின் படைகளும்’ சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதாவது திருவிதாங்கூர், மைசூர் மகாராஜாக்களின் சிப்பாய்க்கு இடம் உண்டு. இம்பால் பக்கத்தில் பட்டினி கிடந்தவனுக்கு இல்லை.

அவனுக்கு வேறொரு பெயர் கொடுக்கப்பட்டது. 1972 ஆகஸ்ட் 15 முதல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு மத்திய அரசு பென்ஷன் திட்டம் வந்தது. 1980-இல் விஸ்தரிக்கப்பட்டு ‘சம்மான்’ என்ற மரியாதைச் சொல்லும் சேர்க்கப்பட்டது. தமிழில் நாம் அவர்களைத் ‘தியாகி’ என்கிறோம். உயர்ந்த சொல்தான். ஆனாலும் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தியாகி என்பவன் தன்னை இழந்தவன். துப்பாக்கி தூக்கியவன் தன்னை இழக்கப் போனதாக மட்டும் நினைத்துக்கொள்ளவில்லை, ஜெயிக்கவும் போனான். அவன் செய்ததை விட்டுவிட்டு, அவன் பட்டதை எடுத்துக்கொள்கிறது அந்தச் சொல். திட்டத்தின் பிரதான அளவுகோலும் சிறைவாசத்தின் மாதக் கணக்குதான். சிறையின் ஏடுகள் கிடைக்காவிட்டால் உடன் சிறையிருந்தவர் சான்று தர வேண்டும். தோற்ற ராணுவத்தின் ஏடுகளை யார் பத்திரப்படுத்துவார்கள்? இந்தக் கேள்வி நீதிமன்றங்களுக்கும் உறைத்திருக்கிறது. குர்தியால் சிங் வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம், இத்தகைய மனுக்களில் கிரிமினல் வழக்குக்குரிய அளவு நிரூபணம் கேட்கக் கூடாது என்றது. அதற்குள் எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த 1972-ஆம் வருஷமே ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யும் வெளிவந்தது. தற்செயல்தான். ஆனால் ஒரே வருஷத்தில் அரசும் இலக்கியமும் ஒரே ஆட்களை இரண்டு விதமாகப் பதிவுசெய்தன என்பது யோசிக்க வேண்டிய தற்செயல். அந்த நாவலின் பாண்டியனை எந்தத் திட்டத்தின் கீழும் வகைப்படுத்த முடியாது. அவன் ஊர் திரும்பவுமில்லை. திரும்பியவனின் கதை சிங்காரத்தின் முந்தைய நாவலான ‘கடலுக்கு அப்பால்’. செல்லையா ராணுவத்திலிருந்து பினாங்குக்கு, பழைய வட்டிக்கடை வேலைக்குத் திரும்புகிறான். பட்டாளத்துக்குப் போய்வந்தவன் பெட்டியடிக்கு லாயக்கில்லை, தன் பெண்ணுக்கும் லாயக்கில்லை என்பது முதலாளி வானாயீனாவின் தீர்மானம். அவருக்கு எந்த விதிப் புத்தகமும் தேவைப்படவில்லை. ஆனால் கவனியுங்கள்: வானாயீனா அவனைப் படைவீரன் இல்லை என்று சொல்லவில்லை. அவனை முழுக்கவும் படைவீரனாகவே பார்க்கிறார், அதனால்தான் மறுக்கிறார். சட்டம் செய்யும் மறுப்பு இதைவிட விசித்திரமானது.

5

அந்த விசித்திரத்தின் உச்சம் என்று பிலிப்பைன்ஸ் சிப்பாய்களின் விஷயத்தைச் சொல்வேன். 1941 ஜூலை 26 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவு போட்டார்: பிலிப்பைன்ஸ் படை அமெரிக்கப் படையின் சேவைக்கு அழைக்கப்படுகிறது. லட்சக்கணக்கானவர்கள் அந்த அழைப்பில் போனார்கள். பட்டானில் சரணடைந்தார்கள், மரண நடையில் நடந்தார்கள், காட்டுக்குள்ளிருந்து கெரில்லாக்களாகச் சண்டை போட்டார்கள். போர் முடிந்தது. 1946 பிப்ரவரி 18 அன்று அமெரிக்கச் சட்டம் ஒன்று கையெழுத்தாயிற்று. அதன் சாரம்: அந்த உத்தரவின் கீழ் செய்யப்பட்ட சேவை, சலுகைகளைப் பொறுத்தவரை, அமெரிக்கப் படைகளில் செய்த சேவையாகக் கருதப்பட மாட்டாது. ஊனத்துக்கும் மரணத்துக்கும் மட்டும் ஏதோ உண்டு. அதுவும் டாலருக்கு ஒரு பெஸோ என்ற கணக்கில்.

‘கருதப்பட மாட்டாது’ என்கிற இந்தத் தொடரை நான் பலநாள் யோசித்திருக்கிறேன். சேவை நடக்கவில்லை என்று அது சொல்வதில்லை. நடந்ததை ஒப்புக்கொண்டு, நடந்ததைப் பாராமலிருக்கும் அதிகாரத்தைத் தனக்கு எடுத்துக்கொள்கிறது. பொய் சொல்கிறவனிடம் வாதாடலாம். உண்மையைத் தெரிந்துகொண்டு ‘அப்படி வைத்துக்கொள்ளப் போவதில்லை’ என்கிறவனிடம் என்ன வாதாடுவது? 2009-இல்தான் உயிரோடிருந்தவர்களுக்கு ஒரே தவணையாகப் பணம் வந்தது: அமெரிக்கப் பிரஜை ஆனவருக்குப் பதினைந்தாயிரம் டாலர், ஆகாதவருக்கு ஒன்பதாயிரம். 1941-இல் அழைத்தபோது இந்த ஆறாயிரம் டாலர் வித்தியாசம் பற்றி யாரும் பேசவில்லை.

அதே நாட்டில் இதற்கு நேர் எதிரான இன்னொரு ஷரத்தும் இருக்கிறது. நேஷனல் கார்டிலும் ரிசர்விலும் இருபது வருஷம் இருந்தும், முழுநேரச் சேவைக்குப் போதுமான நாள் அழைக்கப்படாத காரணத்தால் முன்னாள் படைவீரர் ஆகாதவர்கள் அங்கே உண்டு. 2016-இல் வந்த சட்டம் அவர்களைப் படைவீரர்களாகக் கௌரவிக்கிறது. இந்தக் கௌரவத்தால் எந்தச் சலுகையும் கிடையாது என்றும் அதே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது. கேலிக்குரிய ஷரத்து என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வெறும் பெயரைக் கேட்டு அவர்கள் வருஷக்கணக்கில் போராடியிருக்கிறார்கள். பணம் வேண்டாம், நான் யாரென்று சொல்லிவிடு என்று மனிதர்கள் அரசைக் கேட்டிருக்கிறார்கள் என்றால், சொல்லும் சலுகையும் இரண்டு தனித்தனிப் பண்டங்கள் என்று ஆகிறது. இந்தப் பிரிவினைதான் நம் பிரச்னைக்கு வழி காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

6

அதற்கு முன்னால் சட்டத்தின் கட்சியையும் பேச வேண்டும். விதிகளைக் கேலி செய்வது நம்மிடையே சுலபமான வேலை. விதி என்றாலே ஜீவனற்றது, மனிதனைக் கட்டத்துக்குள் அடைப்பது என்று நம் கவிஞர்கள் எழுதிவிடுகிறார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. விதி இல்லாத இடத்தில் இருப்பது கருணை அல்ல, சிபாரிசு. இலக்கணம் எழுதப்பட்டிருப்பதால்தான் ஒரு ஏழைச் சிப்பாய் டிஸ்சார்ஜ் புத்தகத்தை நீட்டி ‘இது எனக்கு உண்டு’ என்று கேட்க முடிகிறது. எழுதப்படாவிட்டால் அவன் கைகட்டி நின்று ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று கெஞ்ச வேண்டியிருக்கும். மேனேஜருக்கு வேண்டியவனுக்குக் காரியம் நடக்கும். மேலும், ஒதுக்கீடு என்பது அளவுள்ளது. யாரை உள்ளே விட்டாலும் அந்த இடம் வேறு ஒருவனுடையது. பதினைந்து வருஷம் இருந்தவனையும் பதினைந்து நாள் இருந்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்துவது முன்னவனுக்குச் செய்யும் அநீதி. கோடு போட்டாக வேண்டும். எந்தக் கோட்டுக்கும் மறுபக்கத்தில் ஒரு மயிரிழை தூரத்தில் ஒருவன் நின்றுகொண்டுதான் இருப்பான்.

ஆக, கோடு போடுவது குற்றமில்லை. குற்றம் என்று நான் கருதுவது இதை: சட்டம் இரண்டு காரியங்களை ஒரே சொல்லால் செய்கிறது. ஒன்று கணக்கு. இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டும், இன்னாருக்கு வேண்டியதில்லை என்பது. மற்றது சாட்சியம். இன்னார் இங்கே இருந்தார், இதைச் செய்தார் என்பது. கணக்கைக் குறைக்கவும் கூட்டவும் முடிக்கவும் அரசுக்கு அதிகாரம் உண்டு, கஜானா அதனுடையது. சாட்சியம் அதனுடையது அல்ல. எட்டு வருஷம் இருந்தவனிடம் ‘இந்த ஒதுக்கீடு பதினைந்து வருஷக்காரருக்கு’ என்று சொல்வது கணக்கு. ‘நீ முன்னாள் படைவீரன் இல்லை’ என்று சொல்வது பொய்ச் சாட்சி. பணத்தில் இரண்டும் ஒரே பலனைத் தரலாம். எங்கள் லெட்ஜரில் ஒருவருடைய கணக்கை முடிக்கும்போது பாக்கி இல்லை என்றுதான் எழுதுகிறோம். அவர் எங்களிடம் கணக்கே வைத்திருக்கவில்லை என்று எழுதுவதில்லை. அப்படி எழுதினால் அதற்கு மோசடி என்று பெயர்.

வித்தியாசம் வெறும் மனத்திருப்தி சம்பந்தப்பட்டதா? இல்லை என்பதற்கு அமெரிக்கப் பெண் விமானிகள் சாட்சி. இரண்டாம் உலகப் போரில் படையின் விமானங்களை ஓட்டியும் பயிற்சிகளுக்கு உதவியும் அவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் இறந்தார்கள். சட்டப்படி அவர்கள் சிவிலியன்கள். ஆகையால் இறந்தவளின் உடலை ஊருக்கு அனுப்பும் செலவைத் தோழிகள் வசூல் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. சவப்பெட்டியின் மேல் கொடி கிடையாது. 1977-இல் ஒரு சட்டம் அவர்களைப் படைவீரர்களாக்கியது. 1977-க்கு முன்னும் அவர்கள் அதுவாகவே இருந்தார்கள். சட்டத்துக்குத்தான் முப்பத்துச் சொச்சம் வருஷம் பிடித்தது.

நம் பழைய நடைமுறை ஒன்று இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் மன்னனின் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், வீரன் பெயர், எதற்காகப் பட்டான் என்பது எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். அது முழுக்கச் சாட்சியம். எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும், திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்ற செய்தியும் பொறித்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டுக் கிராமத்தார் அந்த நாயை எந்த வகையில் சேர்ப்பது என்று கலங்கவில்லை. செய்ததைச் சொன்னார்கள். ஆனால் இதில் பழம்பெருமை கொண்டாட ரொம்ப இடமில்லை. கல் செத்தவனுக்குத்தான். உயிரோடு திரும்பிவந்து, வேலையும் மருந்தும் கேட்கிறவனை என்ன செய்வது என்று நடுகல்லுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள முயன்றது நவீன சட்டம்தான். அந்தப் பெருமையை அதற்கு மறுக்கக் கூடாது.

முயற்சி நியாயமாகவும் இருக்க முடியும். ஊனப் பென்ஷன் வழக்குகளில், ‘இந்த நோய் உனக்கு முன்பே இருந்தது’ என்று சொல்லி மறுப்பது வெகுகாலம் வழக்கமாயிருந்தது. தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம், சேரும்போது குறிப்பு எதுவும் எழுதப்படவில்லையென்றால் அவன் ஆரோக்கியமாகவே வந்தான் என்று கொள்ள வேண்டும், மாறாக நிரூபிப்பது படையின் பொறுப்பு என்று சொன்னது. அதே ‘கருதுதல்’தான். பிலிப்பைன்ஸ்காரன் விஷயத்தில் உண்மையைப் பாராமலிருக்கப் பயன்பட்ட கருவி, இங்கே காகிதம் இல்லாதவனை நம்புவதற்குப் பயன்பட்டிருக்கிறது. கருவியில் குற்றமில்லை.

7

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்தப் பிரச்னையைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோயிற்று. பதினேழரை வயதிலிருந்து எடுத்து, நான்கு வருஷம் வைத்திருந்து, நூற்றுக்கு இருபத்தைந்து பேரை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவர்களைச் சுமார் பன்னிரண்டு லட்ச ரூபாயோடு அனுப்பிவிடுவது என்பது ஏற்பாடு. பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, மிலிட்டரி கேண்டீன் இல்லை. இவற்றோடு, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் இல்லை என்று ராணுவம் அப்போது வெளியிட்ட நிபந்தனைகளில் எழுதப்பட்டிருந்தது.

இதுவரை பார்த்த உதாரணங்களில் சட்டம் நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்து மறுத்தது. இங்கே மறுப்பு முன்கூட்டியே வந்துவிடுகிறது. சேருகிறவன் அதில் கையெழுத்தும் போடுகிறான். தெரிந்துதானே போட்டான் என்பார்கள். பணத்தைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்குப் பலம் உண்டு. இவ்வளவு வேலை, இவ்வளவு காலம், இவ்வளவு கூலி என்று இரண்டு தரப்பும் பேசி முடித்தது அது. கூலி போதுமா என்பதை அரசியலில் விவாதிக்கலாம். ஆனால் தன் இறந்தகாலத்தை விட்டுக்கொடுப்பதாக ஒருவன் ஒப்பந்தம் செய்ய முடியுமா? நான்கு வருஷம் காவல் நின்றதை நில்லாததாக ஆக்கிக்கொள்ள அவனுடைய சம்மதமே போதாது. அப்படியிருக்க அரசின் சம்மதம் எப்படிப் போதும்? இவர்களுக்காகக் காவல் படைகளில் தனி ஒதுக்கீடும், ‘முன்னாள் அக்னிவீர்’ என்ற தனிப் பெயரும் உடனேயே புறப்பட்டதைப் பார்த்தால், அரசுக்கும் இந்த உறுத்தல் இருக்கிறது என்று தெரிகிறது. பழைய சொல்லைக் கொடுக்க மனமில்லாதபோது புதிய சொல் செய்யப்படுகிறது.

நான் கேட்பது அதிகமில்லை. பெயரை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சலுகைகளைப் படிநிலையாக எழுதட்டும். இத்தனை வருஷம் இருந்தவருக்கு இது, இத்தனைக்கு மேல் இருந்தவருக்கு அது, தானாக விலகியவருக்கு இவ்வளவு என்று எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் எழுதட்டும். கஜானாவுக்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. சொல் மட்டும் அது யாரைக் குறிக்கிறதோ அவர்களிடம் போய்ச் சேரும்.

இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வருகின்றன. ‘முன்னாள் படைவீரரா? ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கும். நான்கு வருஷம் எல்லையில் நின்றுவிட்டு வந்த இருபத்திரண்டு வயதுப் பையன் அதில் ‘இல்லை’ என்று குறிக்க வேண்டும். அதுதான் விதிப்படி சரி. ‘ஆம்’ என்று குறித்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். குறித்துவிட்டுப் பக்கத்தின் அடியில் அவன் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே வழக்கமான அந்த வரி அச்சாகியிருக்கும்: மேற்கண்ட விவரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மை.